வலமாக மட்டும் நடந்தவள்

அத்தையைக் காய்கறி வாங்க அனுப்பினால், போன தெரு வழியாகத் திரும்பி வர மாட்டாள். ராஜபாளையத்தில் எங்கள் வளவிலிருந்து மார்க்கெட் கூப்பிடு தூரம்தான். நேராகப் போய் நேராக வந்தால் உலை கொதிப்பதற்குள் வந்துவிடலாம். அவள் கிட்டங்கித் தெரு வழியாகப் போய், கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, கோயில் தெருவைச் சுற்றி வீடு வந்து சேருவாள். அதற்குள் உலை கொதித்து வற்றியிருக்கும்.

"எங்க போயிட்டு வாரீய மதினி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கா?" என்று அம்மா கேட்பாள்.

"போனா ஒரு சுத்து முடியணும்லட்டி. பாதியில திரும்புனா அது என்ன நடை?"

சுற்று என்றால் எந்தச் சுற்றும் ஆகாது. வலமாக இருக்க வேண்டும். கோயிலில் சாமி நம் சோற்றுக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுகிறோம் அல்லவா, ஊர் முழுக்க அவளுக்கு அப்படி இருக்க வேண்டும். அரச மரமோ, தண்ணீர்த் தொட்டியோ, நடு ரோட்டில் படுத்திருக்கும் எருமையோ, அவளுடைய வலக்கைப் பக்கமாக விலகிப் போனால் சரி. எருமை தப்பான பக்கத்தில் படுத்திருந்தால் எழுப்பி விடுவாள்.

அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை. ஒரே முற்றத்தைப் பார்த்து வரிசையாக வீடுகள் இருந்த வளவில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரி. அவளும் அம்மாவும் ஒரே பஞ்சு மில்லில் கோன் வைண்டிங்கில், நூலைக் கூம்பில் சுற்றும் பகுதியில், நின்றவர்கள். அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடுவது வேலை. அம்மா மதினி என்றதால் எனக்கு அத்தை. நெடுநெடுவென்று உயரம். சேலை எப்போதும் கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும். வேலை விட்டு வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைத் துடைக்காமலே காப்பி குடிப்பாள்.

பெரிய பக்திக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறந்துபோவாள். கோயிலில் தீபாராதனை காட்டும்போது எல்லாரும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அவள் பிரகாரத்தில் நடந்துகொண்டிருப்பாள்.

"சாமிய நீங்க பாத்துக்கிடுங்க. நான் சுத்திட்டு வாரேன்."

பள்ளிக்கூடத்தில் படித்த திமிரில் நான் ஒருநாள் மடக்கப் பார்த்தேன். "மில்லுல அம்புட்டு கோனும் வலமாவா சுத்துது அத்தை?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "மில்லுல மெஷினு இஷ்டம். வீட்டுல என் இஷ்டம்."

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வளவுக்குள் கிரைண்டர் வர ஆரம்பித்தது. தீபாவளி போனஸ் வந்ததும் அத்தையும் வாங்கப் போனாள். துணைக்கு நானும் எதிர்வீட்டு ராணியக்காவும். ராணியக்கா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; அவள் அத்தையை 'வதினா' என்பாள். கடைக்காரர் கல்லின் தரம், மோட்டாரின் வேகம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சுவிட்சப் போடுங்க" என்றாள் அத்தை.

போட்டார். அத்தை குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "இது வேண்டாம். இது இடமாச் சுத்துது."

"அம்மா, மாவு எந்தப் பக்கம் சுத்துனாலும் மாவுதான்!"

"இட்லி நீங்களா திங்கப் போறீய?"

அடுத்த கடை, அதற்கடுத்த கடை. ராணியக்காவுக்குக் கால் வலித்தது. "வதினா, இந்தப் பக்கம் நின்னு பாருங்க, வலமாத் தெரியும்" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அத்தை அந்தப் பக்கமும் போய் நின்று பார்த்துவிட்டு, "எங்க நின்னாலும் இடந்தான். என்னய ஏமாத்தப் பாக்கியா?" என்றாள். கடைசியில் கிரைண்டரே வாங்கவில்லை. ஆட்டுரலிலேயே வலமாக ஆட்டிக்கொண்டு இருந்தாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபோது எங்கள் குடும்பத்தில் அது முதல் தடவை. குடும்பம் என்றால் அப்பா வழி, அம்மா வழி, இரண்டிலும். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா அதுவும் இல்லை. மதிப்பெண் பட்டியலை அப்பா தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வளவு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். எனக்கு வெட்கமாக இல்லை. பெருமையாகத்தான் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான். அன்று சாயங்காலம் அத்தை மிளகாயும் உப்பும் அள்ளிக்கொண்டு எனக்குத் திருஷ்டி சுற்ற வந்தாள். வலமாக மூன்று சுற்றிவிட்டுக் கையை இறக்கிவிட்டாள்.

"வதினா, இடமாவும் சுத்தணும். இல்லன்னா பாதித் திருஷ்டிதான் போகும்" என்றாள் ராணியக்கா.

"மிச்சம் இருந்துட்டுப் போகட்டும். கொஞ்சம் கண்ணு பட்டாத்தான படிச்ச பிள்ளைக்கு மதிப்பு?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். அத்தைக்கு ஒரு மகள் இருந்தாள். நாங்கள் அந்த வளவுக்குக் குடிவருவதற்கு முன்னால், மஞ்சள் காமாலையில், கல்யாண வயதில் போய்விட்டாள். செத்த வீட்டில் உடலை இடமாகத்தான் சுற்றுவார்கள். பெற்றவளைப் பிடித்து இழுத்துப் பெண்கள் சுற்ற வைத்திருக்கிறார்கள்.

"அன்னைக்கு இடமாச் சுத்துனதோட சரின்னு எங்கிட்ட ஒரு தடவ சொன்னாவ. அதுக்குப் பொறவு அந்தப் பேச்சே கிடையாது. நீயும் கேக்காத."

நான் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் கோயில் தெருவைச் சுற்றி வருவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோனது.

நான் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது? மில்லுக்குப் போகிறவள் மில்லுக்கு நடக்கலாம், தண்ணிக்குப் போகிறவள் குழாயடிக்கு நடக்கலாம். ஒரு காரியமும் இல்லாமல் ஒரு பொம்பளை தெருவில் போய்த் திரும்பினால், "என்ன, வீட்டுல சண்டையா?" என்று நாலு பேர் கேட்பார்கள். அம்மா இரண்டு நாள் நடந்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

கல்லூரியில் எங்களைச் செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ். மலைக்கு அடிவாரத்தில் அணில் சரணாலயம். அங்கே வனத்துறைக்காரர்கள் ஒரு நடைபாதை விட்டிருந்தார்கள். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, சம தரை. புளியமரமும் மாமரமும் மருதமரமும் மேலே கூடிக்கொண்டு வெயிலே தெரியாது. அம்மாவை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று அப்போதே நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று முற்றத்தில் நின்று கேட்டேன். அத்தை முதலில் அசையவில்லை.

"காட்டுக்குள்ள எதுக்குட்டி நடக்கணும்? வெறகு பொறுக்கவா?"

"சும்மா நடக்கத்தான் அத்தை. வட்டப் பாதை. பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேரும்."

மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "திரும்பவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"அத மொதல்ல சொல்லதுக்கு என்ன? நான் வாரேன்."

அம்மா, அத்தை, ராணியக்கா, நான். ராணியக்கா ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரையும் ஒரு பாட்டிலில் தண்ணீரும் எடுத்துக்கொண்டாள். நடந்துவிட்டு வந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. அம்மா காலை மாத்திரையை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் போட்டுக்கொண்டு, ஒரு காப்பியோடு பஸ் ஏறிவிட்டாள். பஸ் வழியில் நின்றுவிட்டு, வெகுநேரம் கழித்து இன்னொரு பஸ்ஸில்தான் போய்ச் சேர்ந்தோம். உச்சி வெயில் ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு நடப்போம் என்றேன். அம்மாதான், வயிறு நிறைந்தால் நடக்க முடியாது, செத்த நேரத்தில் வந்துவிடலாம் என்றாள்.

நுழைவு வாசலில் ஒரு டீக்கடை, அதன் பக்கத்தில் வனக்காவலரின் சைக்கிள், ஒரு பலகை. பலகையைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வெள்ளை அம்பு வலக்கைப் பக்கப் பாதையைக் காட்டியது. நான் அந்தப் பக்கம் காலை வைத்தேன்.

"ஏட்டி, நில்லு. இப்படிப் போனா காடு நமக்கு எந்தக் கைப் பக்கம் வரும்?"

யோசித்தேன். "இடக்கைப் பக்கம்."

"அப்ப அது தப்பு."

"அத்தை, அம்பு போட்டிருக்கு!"

"போட்டவன் வெளியூர்க்காரனா இருப்பான்."

இடக்கைப் பக்கப் பாதையில் இறங்கி நடந்தாள். காடு அவள் சோற்றுக்கைப் பக்கம் வந்துவிட்டது. ராணியக்கா "பதண்டி, பதண்டி" என்று தெலுங்கில் விரட்டி, எங்களைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். எந்தப் பக்கம் போனாலும் வட்டம் வட்டம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். வழி முழுக்க அம்புகள் எங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு வந்தன. நடுவழியில் ஒரு மதுரைக் குடும்பம் எதிரே வந்தது. அந்த மனிதர், "அம்மா, நீங்க ராங் சைடுல வாறீங்க" என்றார்.

"நீங்கதான் எதுக்க வாறீய" என்றாள் அத்தை. அவர் விலகி வழிவிட்டார்.

அத்தை அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள். மரத்துக்கு மரம் தாவிய அணில் பூனை அளவுக்கு இருந்தது. "இம்புட்டுப் பெரிய அணிலா! எங்க மில்லு மேஸ்திரி மாதிரில்லா முறைக்கி" என்றாள். வறண்ட ஓடை ஒன்று பாதையைக் கடக்கும் இடத்தில் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது.

"நீங்க போங்க. ஊக்கு வச்சிருக்கேன், மாட்டிட்டு மெள்ள வாரேன்" என்றாள் அம்மா.

"நான் நிக்கேன்மா" என்றேன்.

"போட்டி. ஒதுங்கணும் எனக்கு. ஒத்தப் பாதை, எங்க தொலஞ்சிரப் போறேன்?"

நாங்கள் மெதுவாகத்தான் நடந்தோம். வாசலுக்கு வந்து நின்றோம். அம்மா வரவில்லை. ராணியக்கா தூக்குவாளியைத் திறந்தாள், மூடினாள். டீக்கடையில் ஆள் இல்லை. தண்ணீர் எடுக்கப் போயிருக்க வேண்டும். காவலர் சைக்கிளையும் காணோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாத்திரை போட்டிருக்கிறாள், சாப்பிடவில்லை. டாக்டர் அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை கீழே இறங்கி ஆள் விழுந்துவிடும்.

"தேடிப் போவோம்" என்றேன். வந்த வழியே திரும்பிப் போவதுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அத்தை அதற்குள் பழைய இடத்தில், ஆரம்பப் பாதையில், இறங்கிவிட்டாள். மறுபடியும் வலமாக ஒரு முழுச் சுற்று. அவள் போனால் போனதுதான். ராணியக்காவை வாசலில் நிற்கச் சொன்னேன். காட்டு ஓரத்தில் தனியாக நிற்க மாட்டேன் என்று அவளும் ஓடி வந்தாள். மூன்று பேரும் "யக்கா", "ஏட்டி", "அம்மா" என்று ஆளுக்கொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே ஓடாத குறையாக நடந்தோம். ஓடையில் பார்த்தோம். செருப்புத் தடம்கூட இல்லை. சுற்றி முடித்து வாசலுக்கு வந்தபோது டீக்கடைப் பெண் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஒரு அம்மாவத் தேடுதீகளா? செருப்புல ஊக்கு மாட்டியிருந்துச்சே, அவியளா?"

"ஆமா! எங்க?"

"நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீக, அவிய இந்தப் பக்கமா வந்துட்டாக. நில்லுங்கன்னு சொன்னேன். கேக்கல. என்னயத் தேடித்தான் உள்ள போயிருப்பாக, நான் போறேன்னு மறுபடி உள்ள போயிட்டாக."

"எந்தப் பக்கமா?" என்றேன்.

"இப்படித்தான்." அவள் கை இடக்கைப் பக்கப் பாதையைக் காட்டியது. "அம்பு அந்தப் பக்கமா இருக்கேன்னு சொன்னேன். எங்க மதினி எந்தப் பக்கம் போவாகன்னு எனக்குத் தெரியாதான்னு கேட்டாக. நடை சரியில்ல தாயி. வேர்த்து ஊத்துச்சு, பேச்சும் கொழறுச்சு."

நாங்கள் முன்னால், அம்மா பின்னால். நாங்கள் தேடிப் போகப் போக, அவளும் எங்களைத் தேடி எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறாள். எல்லாரும் வலமாகவே சுற்றினால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பார்த்துக்கொள்ளவே மாட்டோம். நிற்காத வரைக்கும் அப்படி. நின்றுவிட்டால், விழுந்துவிட்டால்? எங்கே என்று யாருக்குத் தெரியும்? வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, ரெண்டு பக்கமும் ஆள் போகணும். அம்மா தொடக்கத்துல கிடக்காளோ கடைசியில கிடக்காளோ தெரியாது. நீங்க ரெண்டு பேரும் வழக்கம்போலப் போங்க. நான் எதுக்க போறேன்."

சொல்லிவிட்டு அம்பு காட்டிய பாதையில் திரும்பினேன். என் மேல்கையை ஒரு கை பிடித்தது. நூல் முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல்கள். வலித்தது.

"நீ போகாத."

"அத்தை, இப்பப் போயி..."

"நீ சொல்லது சரிதாம்ட்டி. ரெண்டு பக்கமும் போகணும். நான் இல்லங்கல. நீ கல்யாணமாகாத பிள்ளை. நீ இப்படிப் போகக் கூடாது. நீ ராணியோட அந்தப் பக்கம் போ."

"அப்ப இந்தப் பக்கம்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பி, "ஒரு கை சீனி குடு தாயி" என்றாள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பாதையின் முன்னால் போய் ஒரு கணம் நின்றாள். நெடுநெடு உயரம் குறைந்துபோன மாதிரி இருந்தது. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடமாக நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள்.

ராணியக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "வதினா போறாங்களே, பாப்பா..." என்றாள். என்னை இழுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடினாள்.

அந்தச் சுற்றில் நான் எதையும் பார்க்கவில்லை. மரம், அணில், அம்பு ஒன்றும் நினைவில் இல்லை. அம்மா என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. ஓடை வந்தது, அங்கே இல்லை. ஓடையைத் தாண்டி இரண்டு வளைவு போனதும் எங்கள் கத்தலுக்குப் பதிலாக ஒரு குரல் கேட்டது. திட்டுகிற குரல்.

"...அறிவிருக்கா ஒனக்கு? டீக்கடைக்காரி நில்லுன்னா நிக்கணுமா இல்லையா? நாங்க என்ன ஓடியா போயிட்டோம்? வாயத் தொற. தொறட்டிங்கேன்."

ஒரு மருதமரத்து வேரில் அம்மா சாய்ந்து கிடந்தாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அத்தை மண்ணில் மண்டியிட்டு, உள்ளங்கையில் சீனியைக் குவித்து அம்மாவின் உதட்டில் அப்பிக்கொண்டிருந்தாள். அம்மா நக்கினாள், விழுங்கினாள். மறுபடியும் நக்கினாள். ராணியக்கா மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தாவரவியல் தெரியும். அந்த நேரத்தில் அந்த மரத்தின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தாள், ராணியக்காவைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் அவளுடைய இடப்பக்கத்திலிருந்து வந்திருந்தோம். அத்தையின் காலடித் தடங்கள் வலப்பக்கத்திலிருந்து, அம்பு காட்டிய பாதை வழியாக வந்திருந்தன. அம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள்.

"மதினி. நீங்க எந்தப் பக்கமா வந்தீய?"

"வாய்க்குள்ள சீனிய வச்சுக்கிட்டுப் பேசாத. பொரை ஏறும்."

"எதுக்கவா வந்தீய?"

அத்தை முந்தானை முடிச்சிலிருந்து இன்னும் கொஞ்சம் சீனி எடுத்தாள்.

அம்மா அழ ஆரம்பித்தாள். அதுவரை அழாதவள். "எனக்காகவா மதினி? எனக்காகவா அப்படி வந்தீய?"

"ஒனக்கா? ஒனக்கு நான் வருவனா?" என்றாள் அத்தை. "ஒம் மக போறேன்னு நின்னா. அவள விடச் சொல்லுதியா?"

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வலம், இடம், பாதை எதுவும் யாரையும் ஒன்றும் செய்யாது என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அப்படித் தெரியாது. ஏதாவது நடக்கும் என்று நம்பிக்கொண்டேதான் அவள் அந்தப் பாதையில் ஓடி வந்திருந்தாள்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். புருவத்தில் பஞ்சுக்குப் பதிலாகப் புழுதி. உள்ளங்கையில் மிச்சமிருந்த சீனியை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நீயும் தின்னு. மூஞ்சியப் பாரு. நீதான் மயங்கி விழுறவ மாதிரி இருக்க."

நான் வாயைத் திறந்தேன். சீனி பாதி வாயிலும் பாதி தாவணியிலும் விழுந்தது. தாவணியில் விழுந்ததையும் அவள் பொறுக்கி என் வாயில் போட்டாள்.